கீழாநெல்லி கொடுக்காத நாள்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நட்ட கீழாநெல்லி தளதளவென்று. நிலவேம்புப் பொடி தீரப்போகிறது, மருந்து கேட்டு இண்டெண்ட் போட மறக்கக் கூடாது. குடை ரிப்பேர்.

இன்றும் சித்தா பிரிவில்தான் கூட்டம். எதிர் அறை அலோபதி டாக்டர் ரிஸ்வான், வாணியம்பாடிக்காரர், எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், மலையே உங்க ரூமுக்கு வந்துடுச்சா?" வராதா பின்னே! இந்த மலையில் காமாலை என்றால் என் பேர்தான். பெருமைதான், இருக்கட்டும். யார் படிக்கப் போகிறார்கள் இதை.

கடைசியாக ஒரு புருஷன் பெண்டாட்டி. நெல்லிவாசல்நாட்டுப் பக்கம். மாணிக்கம், சாமை போடுகிறவர். மனைவி குப்பம்மா. மாணிக்கத்துக்குக் கண் இரண்டும் மஞ்சள்.

"காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கெடயாதுங்களே. உங்கள நம்பித்தான் ஜீப்பு புடிச்சி வந்தோம்."

குப்பம்மா இப்படிச் சொன்னதும் குளிர்ந்துபோனேன். இலையை அரைத்து மோரில் கலக்கியாயிற்று. கிண்ணம் கையில். வழக்கம்போல் சிறுநீர் நிறம் கேட்டேன். கண் மஞ்சளாகி ஒரு வாரம். நீர் சிவந்தது எப்போது?

"அது ஆடி மாசத்துலேந்தே அப்டித்தாங்க."

கண்ணுக்கு முன்னால் நீரா? அதுவும் இத்தனை மாதம் முன்னால்? உறுத்தியது. வேறு மாத்திரை ஏதாவது?

"இல்லீங்க." இரண்டு பேரும் ஒரே குரலில். ஒரே குரலில் வரும் 'இல்லீங்க'வை நான் நம்புவதே இல்லை.

குப்பம்மாவை மட்டும் தனியே கூப்பிட்டு அதட்டினேன். அழுதுவிட்டார். "டிபி மாத்திரங்க. ஒரு நாள் வுடாம குடுக்கறேன். மாத்திர துன்றவங்களுக்கு நீங்க எல குடுக்க மாட்டீங்கன்னு ஊர்ல சொன்னாங்க. அதான் சொல்லல." மாத்திரை கொடுக்கும் எதிர் அறையிலும் காமாலையைப் பற்றி மூச்சு விடவில்லையாம். இலை வைத்தியம் என்றால் ரிஸ்வான் திட்டுவாராம்.

இங்கே பழக்கமே இதுதான். இந்த வாசலில் அந்த வாசலைச் சொல்வதில்லை. நீரைச் சிவக்க வைத்தது அந்த மாத்திரை. சிலருக்கு டிபி மாத்திரை ஈரலையும் அடிக்கும். காமாலையே அதனால் வந்ததாக இருந்தால்? மாத்திரை ஒரு பக்கம் உள்ளே போய்க்கொண்டே இருக்க, மேலே நான் இலையை ஊற்றிக்கொண்டிருந்தால் ஆளே போய்விடுவார்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். மாணிக்கத்தின் கையைப் பிடித்து எதிர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரிஸ்வான் கண்ணைப் பார்த்தவுடன் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆம்புலன்ஸ். திருவண்ணாமலை பெரிய ஆஸ்பத்திரி.

ஏறும்போது குப்பம்மா: "மருந்து தெர்லன்னா தெர்லன்னு சொல்லு. எதுக்கு எங்கள அந்தாண்ட தள்ற?"

கிண்ணத்து மோரைக் கொட்டினேன்.

அக்டோபர் 9, வியாழன்

மழை விட்டது. ரிஸ்வான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஈரல் நிலைமை மோசம். மாத்திரையை இன்னும் கொஞ்ச நாள் தொடர்ந்திருந்தால் கை மீறியிருக்குமாம்.

டீயை நீட்டி, "நீங்க கேக்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது மேடம்" என்றார்.

"ஆமா சார், தெரிஞ்சிருக்காது" என்றேன். அடக்கமெல்லாம் எனக்கு வராது. மாணிக்கம் பிழைக்க வேண்டும், அது ஒன்றுதான்.

அக்டோபர் 17, வெள்ளி

நல்ல வெயில். என் வாசலில் ஈ, காக்கை இல்லை. மருந்து கொடுக்கும் கலா ஜீப்பில் கேட்டு வந்த சேதி: "அந்தம்மாவுக்கே காமாலைக்கு மருந்து தெரியாதாம். இங்கிலீஷ் டாக்டருகிட்ட தள்ளிவுட்டுச்சாம்."

 எனக்கா கீழாநெல்லி தெரியாது! கொடுக்காமல் இருந்ததுதான் அன்றைக்கு வைத்தியம். இதை எந்த ஜீப்பில் ஏறிச் சொல்ல? சேர்ந்து வைத்தியம் பார்ப்பது என்றால் இரண்டு மருந்தையும் ஒரே வாயில் ஊற்றுவதா? ஒருத்தர் கொடுப்பது இன்னொருத்தருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மதியம் ரிஸ்வானோடு பேசி முடிவு. யார் எந்த அறைக்கு வந்தாலும் முதல் கேள்வி: "அந்த ரூம்ல இன்னா மருந்து வாங்கி சாப்புடுற? திட்ட மாட்டோம்." அந்த 'திட்ட மாட்டோம்'தான் அவருக்குக் கஷ்டம். எனக்கு அதைவிட.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முறுக்கு இன்னும் தீரவில்லை. பல் வலி. மாணிக்கம் தேறுகிறார். கண் வெளுக்கிறதாம். அப்பாடா.

நவம்பர் 5, புதன்

பனி. ஸ்வெட்டர் எடுத்தாயிற்று.

மாணிக்கம் வந்தார்! கண் வெள்ளைவெளேர். ரத்தப் பரிசோதனையும் சரி. ஆனால் டிபி மாத்திரையை ஒவ்வொன்றாக மறுபடி தொடங்க வேண்டும், நடுநடுவே ரத்தம் பார்த்து. தொடங்காவிட்டால் டிபி தின்றுவிடும். எதிர் அறையில் ரிஸ்வான் எடுத்துச் சொல்கிறார், கெஞ்சுகிறார். மாத்திரைக்கு மாணிக்கம் வாயைத் திறக்கவே இல்லை. "செத்தாலும் வாணாம் சார். அதானே ஈரல தின்னுச்சி."

குப்பம்மா விறுவிறுவென்று என் அறைக்கு வந்தார். பார்க்காதது போல் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். கோபம் இன்னும் மிச்சம்.

"பெரிய ஆஸ்பத்திரில சொன்னாங்க. அன்னிக்கு நீ எல குடுத்து அனுப்பியிருந்தா, இந்த மாத்திரயும் சேத்து துன்னு இவுரு போயிருப்பாருன்னு. கலக்கி கைல வெச்சிக்கினே குடுக்காம இருந்தியே. நீ குடுத்தா துன்னுவாரு. வா மேடம்."

போனேன். ரிஸ்வான் எழுந்து, மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தார். தண்ணீர் தம்ளரும் அவரே.

சித்தா படித்தவள் கையில் இங்கிலீஷ் மாத்திரை. என் வகுப்புக்காரிகள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பெருமையாக ஒரு மருந்தை நான் நீட்டியதில்லை.

"வாயத் தொறங்க" என்றேன்.

திறந்தார்.