ஏல மைக்கும் கார்டு மெஷினும்

21.09.2025, ஞாயிறு

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எங்கள் வீட்டுக்குப் பாதகமாக இருந்தாலும் விடமாட்டேன். ஆகையால் முதலில் அதுவே: அப்பா ஒரு தப்புப் பண்ணிவிட்டார்.

சித்தி ஜெபஷீலாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. டயாலிசிஸுக்கு தேவாரத்திலிருந்து தேனிக்குப் பஸ்ஸில் போய்வருகிறார். போன வாரம் திரும்பும்போது இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்து, போடி பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார். ஊரில் இன்னும் சிலருக்கு இதே நிலைமை. அவர்களுக்கு ஒரு வேன் வாங்கத்தான் சபையாரும் ஊராரும் சேர்ந்து அறக்கட்டளை தொடங்கினார்கள். அப்பா பொருளாளர். அவசரத்தில் எங்கள் மளிகைக்கடை க்யூஆர் கோடையே நோட்டீஸில் அச்சடித்துவிட்டார்.

டீக்கடையில் திராட்சைத் தோட்டக்காரர் கோட்டைச்சாமி மாமா அதை ஸ்கேன் செய்தார். ‘இம்மானுவேல் ஸ்டோர்’ என்று வந்தது.

“ஏலே இம்மானுவேலு, வேனுக்குக் கேக்குறியா, உன் கடைக்குச் சரக்கெடுக்கக் கேக்குறியா?”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடியே ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

22.09

அப்பா சாப்பிடவில்லை. திருடுகிற ஆளா அவர்? இல்லை. ஆனால் மற்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

27.09, சனி

நானும் என் தோழி திரிஷாவும் எல்லா நோட்டீஸையும் கிழித்தோம். பசை காய்ந்த சுவரில் நகம் வலித்தது. அறக்கட்டளை பெயரிலேயே வங்கிக் கணக்கும் க்யூஆர் கோடும் வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். “அதுக்கு நடையா நடக்கணும் பாப்பா,” என்றார். நடப்போம் என்றேன்.

30.10

கோடு வந்துவிட்டது. கூடவே கார்டு மெஷினும். அதோடு வந்த சிறு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். அப்பா முதல் பக்கத்தோடு தூங்கிவிட்டார்.

02.11, ஞாயிறு

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த விளைச்சலை வேனுக்காக ஏலம் விட்டோம். எங்கள் சபையில், ஏலம் எடுத்தவர் தானே மைக்கைப் பிடித்துப் பேரும் ஊரும் சொல்லிவிட்டுத்தான் பணம் கட்டுவார். கோட்டைச்சாமி மாமா எங்கள் சபை இல்லை. ஆனால் ஏலத்தை மட்டும் விடமாட்டார். முதல் பூசணிக்காயே அவருக்குத்தான்.

மைக்கைப் பிடித்தபடியே, மெஷினோடு நின்ற என்னிடம் கார்டை நீட்டினார். “கோட்டைச்சாமி, தேவாரம். இந்தா ஆத்தா, நம்பரு...” என்று ரகசிய எண் முழுவதையும் சொல்லிவிட்டார். இங்கே பெட்ரோல் பங்கிலும் மருந்துக்கடையிலும் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த எண்ணை நான் இதில் எழுதமாட்டேன்.

“மாமா, ஊரே கேட்டுருச்சு. ஏடிஎம்ல நம்பரை மாத்திட்டு வாங்க. அப்புறந்தான் கார்டை வாங்குவேன்.”

“நம்ம சனந்தான? யாரு எடுக்கப் போறாக?”

“யாரும் எடுக்க மாட்டாக. நாளைக்கு ஒரு ரூவா குறைஞ்சாலும் எல்லாரையும் சந்தேகப்படணும்ல?”

பூசணிக்காயை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் போனால் மற்றவர்களும் போவார்கள் என்று அப்பா என் காதில் சொன்னார். நான் செய்தது சரிதானா? சரிதான் — சரிதான். ஆனாலும் அடுத்த வாழைத்தாரை யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாமா திரும்பி வந்தார். தோள்துண்டை மெஷின் மேல் மூடி, தலையையும் உள்ளே விட்டுப் புது எண்ணை அழுத்தினார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ரசீது வந்ததும் எழுத்துக் கூட்டி மைக்கில் வாசித்தார்.

“இம்மானுவேல் பேரு இல்லப்பா. வேன் கமிட்டி பேருதான் இருக்கு. எங்காசையே வேணாம்னு சொன்ன புள்ள இது. தைரியமாப் போடுங்க.”

அதன்பின் வரிசை வாசல்வரை நின்றது. மெஷினை மூடிக்கொள்ள ஆளாளுக்கு ஒரு துண்டு கேட்டார்கள்.

16.12, செவ்வாய்

வேன் இன்று சித்தியை வாசலிலேயே இறக்கிவிட்டது. வரும் வழியெல்லாம் உட்கார்ந்தே வந்தேன் என்றார். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயும்போதே தூங்கிவிட்டார். அவர் முகத்தில் வெளிச்சம் படக்கூடாது என்று அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.