ஜீப்பில் வரும் தண்ணீர்

சாத்தான்குளம்,
மே 1996

அத்தானுக்கு,

நானும் வயிற்றில் இருப்பதும் நலம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தபிறகு நன்றாகச் சாப்பிடுகிறேன்.

நீங்கள் கம்பெனி ஜீப்பில் அனுப்பும் ஆற்றுத் தண்ணீர் தவறாமல் வருகிறது. "மாப்பிள்ளைக்கு உம்மேல என்ன கரிசனம் பாத்தியா" என்று அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குத்தான் அது தொண்டையில் இறங்க மறுக்கிறது.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தால் ஊர்க் கிணறுகளுக்குக் கெடுதல் உண்டா என்று சோதிக்கத்தானே கம்பெனி உங்களை அமர்த்தியது? போன மாதம் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, "ஒரு கெடுதலும் இல்லை, பயப்படாமல் குடியுங்கள்" என்றீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். மறுநாளே எனக்குக் கேன் வந்தது.

போன வாரம் வந்தபோது அம்மா கிணற்றுத் தண்ணீர் மொண்டு நீட்டிய செம்பை வாங்கி, உதட்டில் வைக்காமலே கீழே வைத்தீர்கள். தாகமில்லையாம். இந்த வெயிலில்!

நேற்று டிரைவர் அண்ணன் கேனை இறக்கும்போது பக்கத்து வீட்டு முத்துராணி ஒரு செம்பு கேட்டாள். அவளும் மாசமாக இருக்கிறாள். அவர் என் காதோடு, "ஐயா ஒங்களுக்கு மட்டுந்தான் குடுக்கச் சொன்னாவ. வெளிய யாருக்கும் தெரியாண்டாமாம்" என்றார்.

கேனை முத்துராணி வீட்டில் இறக்கச் சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து நான் குடிப்பது எங்கள் கிணற்றுத் தண்ணீர். முன்னைவிடக் கரிக்கிறது.

அதில் கெடுதல் இல்லையென்றால் பதில் வேண்டாம். உண்டென்றால் எனக்கு எழுதாதீர்கள். வந்து, மறுபடியும் ஊரைக் கூட்டிச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளையைச் சுமப்பவள்