இடது பக்க ஸ்பீக்கர்

மார்ச் 3
வந்துவிட்டது! பழைய ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டு. ஒரு காலத்தில் இடத்தை அடைக்கிறது என்று சும்மாவே தூக்கிக் கொடுத்த சாமான். இப்போது இதை வாங்க பழைய சாமான் கடையில் காலேஜ் பசங்கள் வரிசையில் நிற்கிறார்கள். வீட்டுக்காரி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை. பக்கத்து நாற்காலியில்தான் சாப்பிடுகிறாள், பேச்சுதான் இல்லை. என்ன கோபமோ, யார் கண்டது?

மார்ச் 5
இடது ஸ்பீக்கர் மந்தம். வயலின் மொத்தமும் வலப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது. கடை கடையாகப் போய்த் தராசு சோதிக்கிற இன்ஸ்பெக்டர் நான். எனக்கே காது குத்துகிறாரா அந்தக் கடைக்காரர்?

மார்ச் 8
தூக்கிக்கொண்டு போனேன். போட்டுக் காட்டி, நன்றாகத்தானே பாடுகிறது என்றார். பசங்களும் தலையாட்டினார்கள். கூட்டுக் களவாணிகள். அங்கே எனக்கும் சரியாகத்தான் பட்டது, ஆனால் விடுவேனா? சண்டை போட்டு வேறொன்று வாங்கி வந்தேன்.

மார்ச் 9
இதுவும் மந்தம்.

மார்ச் 12
இரண்டையும் இடம் மாற்றினேன். வலப்பக்கம் கணீரென்று பாடியது இடப்பக்கம் வந்ததும் சுணங்கிவிட்டது. அப்படியென்றால் ஆம்ப்ளிஃபயர்தான் கோளாறு! நாளைக்கு அந்த ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன்.

மார்ச் 13
போகவில்லை. கிளம்பும்போது வீட்டுக்காரி என் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரச் சொன்னாள். ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாராவது பாட்டுக் கேட்பார்களா? உட்கார்ந்தேன். இப்போது மந்தமான பெட்டி கணீரென்றது, நல்ல பெட்டி சுணங்கியது.

"பெட்டியில ஒண்ணுமில்லங்க. உங்க இடது காதுலதான் கோளாறு."

அப்புறம், "சாப்பிடறப்ப நான் எந்தப் பக்கம் உக்கார்றேன்?" என்றாள்.

இடப்பக்கம். என்றைக்கும் இடப்பக்கம்தான்.

ஐயோ, இவ பேசினதெல்லாம்— பதிலே சொல்லாம சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிருக்கேனே! என்ன நெனச்சிருப்பா?

"உங்களுக்கு என்கூடப் பேசப் பிடிக்கலைன்னு நெனச்சு நானும் பேசறத விட்டுட்டேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 16
காது டாக்டர் கருவி போடலாம் என்கிறார். எப்போதிலிருந்து என்று கேட்டார். நான் இரண்டு வாரம் என்றேன், அவள் இரண்டு வருஷம் என்றாள். டாக்டர் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

மார்ச் 17
கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை. மனுஷன் சிரித்துவிட்டு, எந்தக் குமிழைத் திருப்பினால் இடப்பக்கம் சத்தம் கூடும் என்று காட்டிக்கொடுத்தார்.

மார்ச் 22
குமிழைத் திருப்பினேன். ஆகா, இரண்டு பக்கமும் வயலின்! வீட்டுக்காரி நாற்காலியை இழுத்து வந்து என் வலப்பக்கம் போட்டாள். இரண்டு நிமிஷம் கேட்டாள். எழுந்து போய்க் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தாள். "எனக்கும் ரெண்டு பக்கமும் கேக்கணும்ல?"

அப்புறம் பேச ஆரம்பித்தாள். அவள் தங்கை வேலையை விட்டதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பாட்டு எப்போது முடிந்ததென்று கவனிக்கவில்லை. இசைத்தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த பக்கம் போட நான் எழுந்திருக்கவில்லை.