பட்டறைச் செய்தி

மே 4

அன்புள்ள பூனைக்கு,

ஹாரன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அது தனிக் கதை. ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார முடியவில்லை. ஸ்டூல் போட்டுக்கொண்டு அண்ணன்கள் மூன்று பேரையும் அதட்டி வேலை வாங்குகிறார். குரலுக்கு ஒரு குறையும் இல்லை.

முக்கியமான விஷயம். எனக்கு இரண்டு இடத்திலும் சீட் கிடைத்துவிட்டது! ஒன்று, நம் பஸ் கடைசியாகப் போய் நிற்கிற இடத்தில் இருக்கும் கல்லூரி. ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிப்பது. இன்னொன்று, உன் கல்லூரி. ஜூன் பத்துக்குள் எது என்று முடிவு சொல்ல வேண்டும்.

வீட்டில் ஒரே கேலி. பெரிய அண்ணன் சொல்கிறான், "பொண்ணுங்க மட்டும் இருக்கற எடத்துல இவளக் கொண்டு போய் விட்டா, ஒரு வாரத்துல கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிடுவாங்க." நானும் சிரித்தேன். ஆனால் உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கும் அதே பயம்தான். அம்மா போனபின் எங்கள் வீட்டில் பெண் என்று நான் ஒருத்திதான். உன்னை விட்டால் எனக்கு வேறு தோழி கிடையாது. கல்யாண வீடுகளில் பெண்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வாசல்படி வரை போவேன், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பேன். அப்புறம் வெளியே ஜெனரேட்டர் ரிப்பேர் பார்க்கிறவர்களிடம் போய்விடுவேன். எல்லோரும் எனக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லையடி. அந்த அறைக்குள் போய் நடுவில் உட்கார வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

அதனால் கேட்கிறேன். அங்கே நான் ஒட்டுவேனா? உனக்கு அந்த இடமும் தெரியும், என்னையும் தெரியும். பூசி மெழுகாமல் எழுது.

நீ எப்போதும் கேட்கிற பட்டறைச் செய்தி: போன வாரம் ஒருவர் ஸ்கூட்டர் கொண்டுவந்தார். மாமியார் பின்னால் உட்கார்ந்தால் மட்டும் வண்டியில் கரகரவென்று சத்தம் வருகிறதாம். அப்பா மாமியாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். மாமியாரைப் பின்னால் உட்காரவைத்துப் பெரிய அண்ணனை ஓட்டச் சொல்லி, தெருவை ஒரு சுற்று சுற்றிவர வைத்தார், சத்தமே இல்லை. பிறகு மருமகனையும் ஓட்டச் சொன்னார். அவர்கள் திரும்பி வந்ததும் கையைப் பேன்ட்டின் பின்பக்கம் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டியில ஒண்ணும் இல்ல சார். நீங்க ஓட்டும்போது அம்மா பல்லக் கடிக்கறாங்க." மாமியார்தான் முதலில் சிரித்தது!

பதில் உடனே போடு.

உன்
ஹாரன்

---

மே 11

என் அருமை ஹாரனுக்கு,

உன் கடிதம் கண்டு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. மாமியார் கதையை நாலு தடவை படித்தேன். மாமாவை முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பூசி மெழுகாமல் என்று சொன்னதால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்கு இந்த இடம் சரி. நான் பள்ளியிலேயே இருக்கிற இடம் தெரியாமல் இருந்தவள். உனக்குச் சரிப்படுமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கே எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள். முகத்துக்கு நேரே எதையும் சொல்ல மாட்டார்கள், பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். நீ சத்தமாகச் சிரித்தால் யாரும் அதட்ட மாட்டார்கள், ஆனால் அடுத்த நாள் உன் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். உன்னை அப்படிப் பார்க்க எனக்கு மனசு வராது.

நீ பையன்களோடு வளர்ந்தவள். அங்கே ராணி மாதிரி இருப்பாய். எதற்கு வலிய வந்து மாட்டிக்கொள்ள வேண்டும்?

உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். பட்டறையில் வேறு என்ன நடக்கிறது? நிறைய எழுது. உன் கடிதம் வரவில்லை என்றால் எனக்கு அந்த வாரமே ஓடுவதில்லை.

என்றும் உன்
பூனை

---

மே 17

அன்புள்ள பூனைக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் இல்லை. அழுதேன், அவ்வளவுதான். அண்ணன் சொன்னபோது வலிக்காதது நீ சொன்னதும் வலித்துவிட்டது, நீ என்னைப் பிடிக்காமல் சொல்லியிருக்க மாட்டாய் என்பதால்.

நாலு நாளாக மெதுவாகப் பேசிப் பார்க்கிறேன். சின்ன அண்ணன் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து மிட்டாய் வாங்கிவந்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துப் பார்த்தேன், தும்முகிறேனா என்று அப்பா கேட்டார். பழகினால் வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். மனிதர்கள் மாறுவதில்லையா என்ன?

போன வருடம் நீ எழுதியிருந்தாயே, இரண்டாம் வருடப் பெண்கள் ஆளுக்கு ஒரு புதுப் பெண்ணைத் 'தங்கை எடுப்பார்கள்' என்று. எடுத்தவளுக்குத் தன் அறையிலேயே இடம் கொடுத்து, மெஸ்ஸில் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வருடம் கூட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்று. அன்றிலிருந்து நான் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ என்னை எடுத்துக்கொண்டால் நான் எப்படியும் சமாளித்துவிடுவேன். எப்போது வாயை மூட வேண்டும் என்று மேசைக்கடியில் என் காலை மிதி. போதும்.

இருபத்தேழாம் தேதி புது மாணவிகளுக்குக் கல்லூரியைச் சுற்றிக் காட்டுகிறார்களாம், கார்டு வந்திருக்கிறது. வந்து ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன்.

பட்டறைச் செய்தி ஒன்றும் இல்லை. எனக்கு எழுத மனசும் இல்லை.

உன்
ஹாரன்

---

மே 22

அன்புள்ள ஹாரனுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இருபத்தேழாம் தேதி வராதே. அன்றைக்கு ஒரே கூட்டமாக இருக்கும், எனக்கு லேப் வேலை இருக்கிறது, உன்னோடு நிற்கக்கூட முடியாது. மாமாவை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் அலைவானேன்?

தங்கை விஷயம். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வேறொரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் பேராசிரியைக்குத் தெரிந்த பெண், மறுக்க முடியவில்லை. நீ வந்தால் யாரோ முன்பின் தெரியாதவளிடம் போய் மாட்டிக்கொள்வாய்.

நாம் இப்படியே கடிதத்தில் நெருக்கமாக இருக்கலாமே. பக்கத்தில் இருந்தால்தான் சிநேகமா? பட்டறையைப் பற்றி இந்தத் தடவை ஒன்றுமே எழுதவில்லை நீ. அடுத்ததில் சேர்த்து எழுது.

உன்
பூனை

---

மே 28

பூனைக்கு,

நேற்று வந்தேன். நீ பார்த்தாய். இருந்தாலும் என் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வாசலில் ரிப்பன் குத்திய இரண்டு பெண்கள் நின்றார்கள். உன் பெயரைச் சொன்னேன். முழித்தார்கள். வட்டக் கண்ணாடி, வேதியியல், மேல்மாடி மூலை அறை என்றேன். உடனே ஒருத்தி கையைத் தட்டினாள். "அட, நம்ம ஹாரனா! முதல்லயே அப்படிச் சொல்லக் கூடாதா? லைப்ரரி படிக்கட்டுல கச்சேரி நடக்குது, போங்க."

பள்ளியில் எனக்கு அந்தப் பெயரை வைத்தவளே நீதான். எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். என்னைப் பற்றியே பேசிப் பேசி என் பெயரை இவளுக்கே வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்தேன். என்னைப் போல ஒரு மடைச்சி உண்டா?

படிக்கட்டில் பெண்கள் காலை நீட்டிக்கொண்டு, ஒருத்தி மடியில் ஒருத்தி சாய்ந்துகொண்டு, தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாகப் பேசுகிறவள் ஒருத்திகூட இல்லை. கன்னம் வீங்கிய ஒரு பெண், பல்வலியாம், என்னைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரு, உக்காரு, நல்ல கட்டத்துல வந்திருக்க" என்றாள். கையை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கக்கூட இல்லை. உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு காலம் வாசல்படியில் நின்றேனே, உள்ளே போவது இவ்வளவுதானா என்று இருந்தது.

நீ மேல்படியில் நின்றுகொண்டு மாமியார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். "எங்கப்பா இருக்காரே" என்று ஆரம்பித்தாய். கையைப் பின்பக்கம் துடைத்துக் காட்டினாய். அச்சு அசலாக அப்பா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நானும் சிரித்தேன். பல்வலிக்காரி திரும்பிப் பார்த்து, "ஐயோ, இவ சிரிப்பப் பாருங்கடி, அப்படியே நம்ம ஹாரன் சிரிப்பு!" என்றாள்.

அப்போதுதான் நீ என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் ஈயாடவில்லை. யாரு இது என்று அவர்கள் கேட்டார்கள். தோழி என்று சொல்லியிருக்கலாம், தெரிந்தவள் என்று சொல்லியிருக்கலாம். நீ சொன்னாய், "எங்கப்பா பட்டறையில வேலை செய்யறவரோட பொண்ணு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாம்" என்றேன். எதற்குச் சொன்னேன்? இத்தனை பேர் முன்னால் உன்னைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. என் அப்பாவை உன் அப்பாவிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன் நான்.

ஹாரன்

---

ஜூன் 2

ஹாரன்,

நீ அந்த 'ஆமாம்' சொல்லாமல் இருந்திருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். உன்னை மாதிரி மனசு யாருக்கும் வராது.

எங்கள் வீடு உனக்குத் தெரியும். அப்பா பேப்பருக்குப் பின்னால், அம்மா கதவுக்குப் பின்னால். தட்டில் ஸ்பூன் பட்டால் நிமிர்ந்து பார்ப்பார்கள். இங்கே வந்த முதல் நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் வீட்டைப் பற்றிச் சொன்னார்கள். என் முறை வந்தது. சொல்ல என்னிடம் என்ன இருந்தது? வாயைத் திறந்தேன், மாமா வந்துவிட்டார். சிரித்தார்கள். நான் சொல்லி ஒருத்தர் சிரித்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அப்புறம் எப்படி நிறுத்துவது? வாரா வாரம் நீ வேறு எழுதிக்கொண்டே இருந்தாய்.

உனக்கென்ன குறைந்துபோயிற்று சொல். உன்னிடம் அவ்வளவு இருக்கிறது. நீ எங்கே போனாலும் பத்து பேர் உன்னைச் சுற்றி வந்துவிடுவார்கள். எனக்கு இங்கே மட்டும்தான். இதைக்கூட விட்டுத்தர வேண்டும் என்றால் அதுவும் நியாயமா?

யோசித்துப் பார்த்தேன். நீ இங்கேயே வந்து சேர். அந்தப் பேராசிரியை சொன்ன பெண்ணெல்லாம் யாரும் இல்லை, நான் உன்னைத்தான் எடுத்துக்கொள்வேன். மூலை அறையில் ஜன்னல் பக்கக் கட்டில் உனக்கு. உன்னை எல்லோருக்கும் பிடித்துவிட்டது, பல்வலிக்காரி இரண்டு தடவை விசாரித்துவிட்டாள். அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு விஷயத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வோம். பட்டறைக் கதையை நான் சொல்லும்போது நீ சும்மா இருந்தால் போதும். நான் முடிக்கிற வரை, இரண்டு வருடம்தானே. கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

பத்தாம் தேதிக்குள் பதில் போடு. காத்துக்கொண்டிருக்கிறேன்.

உன்
பூனை

---

ஜூன் 14

நீ கேட்ட பதில்.

பஸ் கடைசியில் நிற்கிற கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டேன். என் வகுப்பில் எங்கு பார்த்தாலும் பையன்கள். இன்னொரு பெண் இருக்கிறாள், அவளுடைய அண்ணன் மதியம் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். நான் ராணி மாதிரி இல்லை. எங்கள் வீடு மாதிரியே இருக்கிறது.

எனக்கு அங்கே வர ஆசை இல்லாமல் இல்லை. உன் கல்லூரி எனக்கு என்று வெட்டித் தைத்த மாதிரி இருந்தது. அந்தப் படியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தைத்தான் தினமும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போகிறேன். ஆனால் வந்தால் என்ன செய்வேன்? நான் பேசினால் உன்னைப் பார்த்துப் பேசுகிறேன் என்பார்கள். பேசாமல் இருந்தால் அதற்கு எதற்கு அவ்வளவு தூரம்? என் அப்பாவைப் பற்றி நீ சொல்வதை, கூலிக்காரன் மகளாகப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வருடம் கேட்க வேண்டும். வெட்கமே இல்லாமல் அதையும் ஒரு உபகாரம் போல எழுதியிருக்கிறாய்.

உனக்கு ஒன்றும் இல்லை என்கிறாய். உனக்கு நான் இருந்தேன்.

நான் ஏன் இங்கேயே சேர்ந்தேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தன் முழங்காலுக்காகத்தான் பெண் பக்கத்திலேயே நின்றுவிட்டாள் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். வருகிற போகிற வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் சொல்கிறார், கண் கலங்குகிறது அவருக்கு.

இனி உனக்கு எழுத மாட்டேன். நீ எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

விடுமுறைக்கு நீ எப்படியும் ஊருக்கு வருவாய், பட்டறையைத் தாண்டித்தான் உன் வீட்டுக்குப் போக வேண்டும். அப்பா உன்னைப் பார்த்தால் விட மாட்டார். ஸ்டூலை விட்டு எழுந்து நொண்டிக்கொண்டே வந்து, "வாம்மா, எப்ப வந்த?" என்று கேட்பார், டீ வாங்கிவரச் சொல்வார். நீ அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எப்போதும் போல மாமா என்று கூப்பிடுவாயா, அங்கே கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவாயா என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் மகள்