மயிலிட்டியை வெறுமையாக்கிய மதியம்

மருதனார்மடம்,
கார்த்திகை மழைநாள்.

அன்பின் மயூரதனுக்கு,

உங்கள் கௌரி எழுதுவது. நானும் ஆரணியும் மாமியும் சுகம். மஸ்கட்டில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் வாய் மூடும் முன்னே பதில் சொல்லிவிடுவீர்கள். இதற்கு அவசரப் பதில் வேண்டாம் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டுவதா என்று மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும் என்றீர்கள். கிளினிக்குகளுக்காக நாங்கள் போட்ட சேர்வர் அறையை நீர் தனியக் கொண்டு நடத்துவீர் எண்டால் நான் நிம்மதியாய்ச் சைன் வைப்பன் என்றும் சொன்னீர்கள். அன்றிலிருந்து அந்தப் பேச்சு என் காதுக்குள்ளேயே இருக்கிறது.

அங்கேயும் இப்படி ஒன்று அமைக்கப் போவதாகச் சொல்லி, நான் செய்யும் முறையைக் கேட்டீர்கள். முதலில் உங்கள் கைவேலையை நிறுத்தினேன், கோபிக்க வேண்டாம். சேர்வருக்குள்ளே தனிக் கணினிபோல் ஓடும் மெய்நிகர் இயந்திரம் புதிதாக ஒன்று வேண்டுமென்றால் நீங்கள் திரையில் ஒவ்வொன்றாக அழுத்துவீர்கள், பிறகு எதை அழுத்தினீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. இப்போது அது எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவிடுகிறேன், மிச்சத்தை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்கிறது. அதை இரண்டாம் தரம் ஓடவிட்டால் ஒன்றும் மாறக் கூடாது. மாறினால் எழுதியதில் பிழை. சேர்வர்களின் மணிக்கூடுகள் எல்லாம் ஒரே நேரம் காட்ட வேண்டும், இல்லையென்றால் எது முதலில் விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பக்கப் என்று நகல் எடுத்து வைத்தால் போதாது, அடிக்கடி திருப்பி ஏற்றியும் பார்க்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். மூன்று சேர்வர்களையும், ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் தாங்கும் அளவுக்கே நிரப்புங்கள்.

ஆரணிக்கு முன்பல் விழுந்துவிட்டது. நேரில்தான் அப்பாவுக்குக் காட்டுவாளாம். அதுதான் வீடியோவில் வாயைப் பொத்திக்கொண்டு கதைக்கிறாள்.

இனி முக்கியமான சங்கதி. நீங்கள் பிறந்த மயிலிட்டி, வளர்ந்த மானிப்பாய், வேலை செய்த ஊர் என்று மூன்று சேர்வர்களுக்கும் பெயர் வைத்தீர்களே, அதில் மயிலிட்டிக்கு நினைவகம் பழுதாகிக்கொண்டு வந்தது. அதை வெறுமையாக்கி நிறுத்த வேண்டியிருந்தது. உங்களிடம் கேட்காமலே சனிக்கிழமை மதியம் தொடங்கினேன். ஆஞ்சநேயர் கோயிலுக்கு வந்த மாமி, மழைக்கு ஒதுங்கி, குளிருக்குச் சேலைத் தலைப்பைப் போர்த்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தா.

உள்ளிருக்கும் இயந்திரங்களை ஓட ஓடவே மானிப்பாய்க்கு மாற்றுகிறேன் என்றேன். அதுக்குள்ளை வேலை செய்யிறதுகளுக்குத் தெரியுமோ பிள்ளை, தாங்கள் இடம் மாறுறம் எண்டு, என்று கேட்டா. தெரியாது மாமி, கிளினிக் பதிவு மேசையிலே நிரோஜா நோயாளியின் பெயர் பதிந்துகொண்டிருப்பாள், ஓர் எழுத்துக்கூட நிற்காது என்றேன். மாமி சேலைத் தலைப்பை இழுத்து இறுக்கிக்கொண்டா. பிறகு, சண்டையிலை ஊரை விட்டு எங்களை எழும்பச் சொல்லேக்கை அடுப்பிலை சோறு கொதிச்சுக்கொண்டு கிடந்தது, உவன் மயூரதன் என்ரை இடுப்பிலை, என்று மட்டும் சொன்னா.

வெளியே மழை. மயிலிட்டியின் இரைச்சல் குறையக் குறைய அறை முழுவதும் கடற்கரை போலாகிவிட்டது. எனக்குக் கண் சொருகியது. மயிலிட்டி வீடுகள் அப்படியே எழுந்து மிதந்து வந்தன. அடுப்பில் சோறு கொதித்தபடி, பிள்ளைகள் நித்திரையிலே, வலை பின்னியவர்களின் கை நிற்காமலே, எல்லோரும் மெல்ல மானிப்பாயில் வந்து இறங்கினார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியாக நீங்களும் வந்தீர்கள். மஸ்கட்டில் பாதி சொன்ன கதையின் மீதியை என் பக்கத்துக் கதிரையில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என்ன கதை என்று நினைவில்லை, குரல் மட்டும் இருக்கிறது.

நிரோஜாவின் போன் எழுப்பிவிட்டது. அக்கா, எப்ப மாத்தத் தொடங்கப் போறியள் என்று கேட்டாள். திரையைப் பார்த்தேன். எல்லாம் பிழையில்லாமல் முடிந்திருந்தது.

சந்தோசப்படாமல் அழுதேன். மாமி கண்டும் காணாததுபோல் இருந்தா. ஏதோ பிழையாகிவிட்டது, நீங்கள் வந்தால்தான் சரிவரும் என்று சொன்னால் என்ன என்றுகூட ஒரு புத்தி வந்தது. சொன்னால் அடுத்த பிளேனிலே வருவீர்கள். திருத்திவிட்டுத் திரும்பவும் போய்விடுவீர்கள்.

அதனால் உள்ளதைச் சொல்கிறேன். நீங்கள் சைன் வைத்தாலும் இந்த அறை ஒரு குறையுமில்லாமல் ஓடும். நான் அப்படி ஓட மாட்டேன்.

மாவிட்டபுரத்துக் கந்தன் உங்களை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா வாருங்கள்.

என்றும் உங்கள்,
சிவகௌரி