கூரைக்கும் பைப்புக்கும் நடுவே

ஜூன் 4

இல்லை, கோபம் இல்லை. குமட்டல். கோபம் என்றால் கத்தித் தீர்த்துவிடலாம். மாமா அந்தப் பளபளப்பு பைப்பை மடியில் போட்டுக்கொண்டு கைக்குழந்தையைத் தடவுவது மாதிரித் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சாப்பிட்டது மேலே வந்தது. அவ்வளவுதான். இதற்குப் போய் அம்மா, "ஏன்டா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்கிறாள்.

விஷயம் இது. அக்கா ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறாள். பழசு. இரண்டே சீட். உட்காருவது என்றால் படுப்பது, இறங்குவது என்றால் தரையிலிருந்து எழுந்திருப்பது. பகல் முழுக்க அடுத்தவன் வாய்க்குள் தலையை விட்டுப் பல் பிடுங்குகிறவள், இந்த மாதக் கடைசியில் மலைப்பாதைப் பந்தயத்தில் ஓட்டப் போகிறாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்த ஆசை. உள்ளே இரும்புக் கூண்டு இல்லாத வண்டியைப் பந்தயத்தில் விட மாட்டார்கள். வண்டி குட்டிக்கரணம் போட்டால் கூரை அமுங்கித் தலையை நசுக்காமல் தாங்குவதற்கு.

அவள் புருஷன், அதாவது மாமா, போனில் பார்த்து வரவழைத்த கூண்டு போல்ட் போட்டு முடுக்குகிற வகை. "கலர் விளக்கு வச்சா போட்டோல எப்படி இருக்கும் தெரியுமா மாப்ள?" ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினேன். டம்ளர் சத்தம்.

"இது கூண்டு இல்ல மாமா. துணி காயப்போடுற கம்பி."

அக்கா சிரித்தாள். "அப்ப நீயே சொல்லு, எங்க பண்ணலாம்?"

நான் வேலை செய்கிற கடையில் என்று சொல்லிவிட்டேன். நான் பார்த்துக்கிறேன் என்று வேறு சொன்னேன்.

ஜூன் 9

கடையில் காரைக் காலி செய்தோம். சீட், கார்ப்பெட், கதவு அட்டை எல்லாம் வெளியே. கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் தண்ணீர். அதில் ஊறிய ஒரு சாக்ஸ். யாருடைய தலைமுடியோ, கொத்தாக. சீட்டுக்கு அடியில் முன்னொரு காலத்தில் ரொட்டியாக இருந்த ஏதோ ஒன்று, பச்சைக் கம்பளி போர்த்திக்கொண்டு. இதை ஓட்டிய ஆள் வெளியே மெழுகு போட்டுத் துடைத்திருப்பான், நிச்சயம்.

எங்கள் கடை பந்தயக் கார் கடை எல்லாம் இல்லை. சைலன்சர், ஜன்னல் கம்பி, கேட் என்று வருவதை வெல்டிங் செய்கிற கடை. முன்பு இரண்டு கூண்டு செய்திருக்கிறோம். காலேஜை விட்டுவிட்டு இங்கே சேர்ந்ததை அம்மா சொந்தக்காரர்களிடம் "இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலைங்க" என்று சொல்கிறாள். ஏதோ எனக்கு வரன் பார்ப்பது மாதிரி.

ஜூன் 10

கை இன்னும் நாறுகிறது.

ஜூன் 15

கூண்டு எந்த மாதிரி என்பதற்கு இன்று பஞ்சாயத்து. சீட்டுக்குப் பின்னால் ஒற்றை வளைவு மட்டும் போதுமா, முன்னாலும் கால் வைத்து முழுதாகச் செய்வதா?

மாமா: "ஒத்த வளைவு போதுமே. கதவுல குறுக்க பைப் வந்தா எப்படி ஏறி இறங்கறது?"

அக்கா: "நான்தான ஏறப்போறேன்?"

முழுக் கூண்டு என்று முடிவானது. முதலாளி தலையை ஆட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் ஆட்டுவார். நான் ஒன்று மட்டும் சொன்னேன்: கூண்டு போட்ட பிறகு ஹெல்மெட் இல்லாமல் யாரும் இதைத் தெருவில் ஓட்டக்கூடாது. சின்ன வண்டி. பைப் தலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். லேசாக எங்காவது இடித்தால்கூட அந்தப் பைப்பே மண்டையைப் பிளந்துவிடும்.

மாமா முகம் விழுந்துவிட்டது. ஆபீசுக்கு எடுத்துப் போகலாம் என்று இருந்திருக்கிறார்.

முதல் வளைவை வளைக்கும்போது உள்பக்கம் மடிப்பு விழுந்தது. பைப் மடிந்தால் அந்த இடத்தில்தான் உடையும். "அது ஒண்ணும் பண்ணாது தம்பி" என்றார் முதலாளி. நான் நகரவில்லை. வேறு பைப் எடுத்தார்கள். ஜெயித்துவிட்டேன்.

ஜூன் 19

கூண்டு உள்ளே போய்விட்டது. கூரையை ஒட்டி நிற்கிறது. பைப்புக்கும் கூரைக்கும் நடுவே விரல்தான் போகும், வெல்டிங் துப்பாக்கி போகாது. ஆனால் பைப்பும் பைப்பும் சேருகிற ஒவ்வொரு மூட்டையும் சுற்றி முழுக்க வெல்டிங் செய்யவேண்டும். மேல்பக்கத்தை எப்படிச் செய்வது?

வழி இருக்கிறது. கூண்டின் நாலு கால் நிற்கிற இடத்தில் தரைத் தகட்டில் ஓட்டை போடவேண்டும். கூண்டை அந்த ஓட்டைகள் வழியாகக் கீழே இறக்கினால் மேலே இடம் கிடைக்கும். மேல்பக்கத்தை நிம்மதியாக வெல்டிங் செய்துவிட்டு, மறுபடி தூக்கி, ஓட்டைகளைக் கனத்த தகட்டால் மூடி, அதன்மேல் காலை நிறுத்தி வெல்டிங். அவ்வளவுதான். வேலை அதிகம், வித்தை ஒன்றும் இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். எங்கள் வெல்டர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் பீடியை அணைத்தார்.

"நல்ல வண்டியில எதுக்குடா ஓட்ட போடணும்? மேல ஏறி யாரு பாக்கப் போறா?"

"அக்கா ஓட்டப் போறா மாஸ்டர்."

"உங்க அக்கா ரோட்டப் பாத்து ஓட்டினா போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்து வைத்தேன். எதற்கு?

ஜூன் 22

காலையில் பெயின்ட் வாங்கிவரச் சொல்லி ஊருக்கு அந்தப்பக்கம் இருக்கிற கடைக்கு அனுப்பினார்கள். பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும். அப்போதே உறைத்திருக்க வேண்டும். திரும்பி வந்தால் மூட்டுகள் எல்லாம் முடிந்து, பிரைமர் அடித்துக் காய்ந்துகொண்டிருக்கிறது.

மேல்பக்கம் விரலை விட்டுத் தடவினேன். வழவழ என்று இருந்தது. வெல்டிங் அப்படி இருக்காது, வரிவரியாகத் தட்டுப்படும். இது பட்டி. சுவரில் ஓட்டை அடைக்கிற மாதிரி பட்டி பூசித் தேய்த்திருக்கிறார்கள். விரலை முகர்ந்து பார்த்தேன். அந்த வாசனை. த்தூ.

ஜூன் 23

அக்கா கிளினிக்குக்குப் போய் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தேன். யாருக்குப் பல்வலி என்றாள். காருக்கு என்றேன்.

மாஸ்டர் சாப்பிடப் போனதும் பட்டியை ஆணியால் சுரண்டிவிட்டுக் கண்ணாடியை உள்ளே நீட்டினேன். கீழ்ப்பாதி அழகான வெல்டிங். மேல்பாதி வெறும் இடைவெளி. ஒரு மூட்டு இல்லை, மேலே இருக்கிற எல்லாமே. கவிழ்ந்தால் முதலில் தரையில் மோதப் போகிற பக்கம் அதுதான். கைக்கு எட்டாத இடம் என்றால் அவள் உயிர் போனாலும் பரவாயில்லையா? எப்படிடா சோறு எறங்குது உங்களுக்கு?

ஜூன் 24

அக்காவைக் கடைக்கு வரவழைத்தேன். காருக்குள் மல்லாந்து படுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியால் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தாள். நோயாளியைப் பார்க்கிற அதே முகம்.

"அழுகல எடுக்காம மேல பூசி விட்டிருக்காங்க" என்றாள்.

"ஆமா."

முதலாளி வந்தார். "எல்லா வண்டியும் இப்படித்தாம்மா. பந்தயத்துல வண்டிய செக் பண்றவரு நமக்குத் தெரிஞ்சவருதான், ஒண்ணும் சொல்ல மாட்டாரு." சொல்லும்போது வெட்கமே இல்லை. உதவி செய்கிற மாதிரி ஒரு குழைவு.

அவள் கிழித்துத் தொங்கவிடப் போகிறாள் என்று காத்திருந்தேன். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தாள்.

"டேய், ஞாயித்துக்கிழமை பந்தயம் முடியட்டும். அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"என்னக்கா சொல்ற?"

"கவிழ்ந்துதான் ஆகணும்னு ஏதாவது இருக்கா? ஒரே ஒரு தடவைடா. எத்தன வருஷம் காத்திருந்தேன்னு உனக்குத் தெரியாது."

வலி வந்தப்புறம் வராதீங்க, அதுக்கு முன்னாலயே வாங்கன்னு ஊருக்கே பாடம் எடுக்கறவ. முதலாளி, மாஸ்டர் எல்லாம் இருக்கட்டும். இவ. என் அக்கா. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். நிஜமாகவே.

ஜூன் 25

வெட்டிவிட்டேன்.

எல்லோரும் டீ குடிக்கப் போனபோது இரும்பு அறுக்கிற கிரைண்டரை எடுத்தேன். டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற மூட்டு. கீழ்ப்பாதி வெல்டிங்கை அறுத்ததும் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை. பைப் தானாகத் தொங்கிவிட்டது. அடுத்த மூட்டு. அதற்கு அடுத்தது. சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். மாஸ்டர் என் சட்டையைப் பிடித்தார். "வெளிய போடா நாயே" என்றார் முதலாளி. போனேன். கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டேன், அது கிளினிக் சொத்து.

அக்கா போனை எடுக்கவில்லை. சாயங்காலம் மாமா பேசினார். "உனக்கென்ன பைத்தியமா? அவ அழுதுகிட்டு இருக்கா. பெரிய யோக்கியன்னு நெனப்பு." அம்மா தட்டைச் சத்தத்தோடு வைத்தாள்.

ஜூன் 28

இன்று பந்தயம். அக்கா இல்லாமல் நடந்தது.

ஜூலை 2

மாமா வந்தார். அம்மாவைப் பார்க்க வந்தது மாதிரி வந்து, என்னிடம் சொல்வதற்காகவே சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஒரு வண்டி கூட கவிழலயாம். ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்ல."

யாராவது கவிழ்ந்திருக்கலாமே என்று ஒரு நொடி நினைத்தேன். சே. என்னைப் பார்த்தே எனக்குக் குமட்டுகிறது.

ஜூலை 7

வேலை தேடவில்லை. படுத்தே கிடக்கிறேன். விசிறி சுற்றுகிறது. இறக்கையில் இவ்வளவு தூசியா?

ஜூலை 11

அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஒரு ஆள் வந்தாரு. வீங்கின தாடையோட. பல்ல எடுக்கணும்னேன். 'வீட்டுல விசேஷம் இருக்கு டாக்டர், முடியட்டுமே'ன்னாரு. திட்ட வாயெடுத்தேன். வார்த்தை வரல."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"நீ வெட்டலைன்னா நான் ஓட்டியிருப்பேன்."

"தெரியும்."

"கவிழ்ந்திருக்க மாட்டேன்."

"தெரியும்க்கா."

"அப்புறம் ஏன்டா வெட்டின?"

"பாத்தா வாந்தி வந்துச்சு. அவ்வளவுதான்."

முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். வலித்தது. பிறகு சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வண்டி எங்க வீட்டு கீழதான் நிக்குது. தரையில ஓட்ட எங்க போடணும்னு வந்து காட்டு."

ஜூலை 26

அக்கா வீட்டின் கார் நிறுத்துமிடம். வாடகை வெல்டிங் மிஷின். தரையில் ஓட்டை போட்டு, கூண்டை இறக்கி, மேல்பக்கம் எல்லாம் முடித்துவிட்டேன். முன்பக்கத்து ஒரு மூட்டு கேவலமாக வந்தது. அறுத்துவிட்டு மறுபடி செய்தேன். யாரும் கேட்கவில்லை. நானேதான்.

இப்போது கூண்டைத் தூக்கிப் பிடித்தால்தான் அடியில் தகடு வைக்க முடியும். ஜாக் ஒன்றுதான், அதுவும் வழுக்குகிறது. அதனால் கூண்டின் நாலு காலுக்கு நாலு பேர். அக்கா ஒன்று. மாமா ஒன்று, புதுச் சட்டை அழுக்காகிறது என்று புலம்பியபடி. மேல்வீட்டுக்காரர் ஒன்று. "இது காரா, பல்லக்கா?" என்று சிரித்துச் சிரித்து அவர் பிடித்த காலை மட்டும் தாழவிடுகிறார், வெளங்காத மனுஷன். நாலாவது காலை அம்மா பிடித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, பையன் என்ன பண்றான் என்று கேட்டார்களாம்.

"வெல்டிங் பண்றான், தெரியல?" என்றாளாம் அம்மா.

நான் கையுறை எடுக்கத்தான் மேலே அக்கா வீட்டுக்கு வந்தேன், வந்த இடத்தில் இதை எழுதுகிறேன். கீழே நாலு பேரும் தூக்கிக்கொண்டே நிற்கிறார்கள். மாமா கத்துகிறார், "டேய், கை போச்சுடா!" இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் இப்போது அம்மா குரலும் கேட்கிறது. போகணும்.