மூன்று எட்டுப் பின்னால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னதும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்தாயிற்று, இப்போது எந்த மூலையில் தூசி இருக்கிறது என்று தேடிப் பிடித்து எனக்குக் காட்டுகிறார், கட்டோடேயே இருந்திருக்கலாம். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. நீ அனுப்பிய படத்தில் சின்னது பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள், அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அங்கே ஒரு வலை கட்டச் சொல்லு. அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பது தெரியும், வலையைக் கட்டிவிட்டுச் சிரியுங்கள்.

இந்தத் தடவை என் பயம் வேறு மாதிரி, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படி. கோட்டைத் தகவல் மேசையில் உட்கார்ந்து பதினெட்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கழிப்பறை கடைசியில் வந்தேவிட்டது. ஊருக்கு ஆட்களை வரவழைக்க வேண்டும் என்று மேலிடத்தில் ஒரு வேகம் பிடித்திருக்கிறது, தெருவெல்லாம் வழிகாட்டிப் பலகை, வாசலில் சக்கர நாற்காலி, குடிக்கத் தண்ணீர், எல்லாம் ஒரே வருடத்தில். போன வருடம், கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு விளக்கம் கேட்கிற அந்தக் கருவிக்கு என் குரலைப் பதிவு செய்தார்கள் என்று சொன்னேனே, நீ கூட அம்மா இனிமேல் உங்களைக் கையில் பிடிக்க முடியாது என்று கிண்டல் பண்ணினாய். கருவியில் பெரிய மண்டபத்துக்கு ஏழாம் எண். சுவரைப் பார்த்து நின்றபடி, இப்போது மூன்று எட்டுப் பின்னால் நகர்ந்து, தலையை நன்றாக உயர்த்திப் பாருங்கள், கூரை ஓவியத்தில் இருக்கிற பன்னிரண்டு குதிரைகளும் ஒன்றாகத் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன். நானே மூன்று எட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அப்போது பின்னால் இருந்தது பலகைத் தரை. அந்தப் பலகைக்கு அடியில் நிலவறைக்கு இறங்குகிற பழைய கல்படி இருந்தது. கழிப்பறையை நிலவறையில் கட்டினார்கள், பலகையை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் கம்பி இல்லை, கம்பி வைத்தால் மண்டபத்தின் பழைய தோற்றம் கெட்டுவிடுமாம். நான் சொன்னதை மற்ற ஐந்து மொழிகளிலும் அப்படியே மாற்றிப் பேசி வைத்திருக்கிறார்கள். ஆக ஆறு மொழியில் ஆட்களைப் படிக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு பெண் விழுந்தாள். உன் வயதுதான் இருக்கும், உன்னை மாதிரியே தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்று கேட்டாள். நான் மண்டபத்து வாசலில் வரைபடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். ஒன்று வைத்தாள், இரண்டு வைத்தாள், நான் கத்துவதற்குள் மூன்றாவதும் வைத்துவிட்டாள். காதில் என் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போது என் கத்தல் அவளுக்கு எங்கே கேட்கும். ஆறு படி உருண்டாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது, தலை தப்பியது. எங்கள் அதிகாரியை உனக்குத் தெரியுமே, எதைச் சொன்னாலும் ஆகட்டும் ஆகட்டும் என்பாரே, அவர் பதிவேட்டில் வருகையாளர் போன் பார்த்துக்கொண்டே நடந்ததால் விழுந்தார் என்று எழுதி, சாட்சி என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுவிட்டேன். வேலை போய்விடுமோ என்று பயம், வேறு என்ன. அவள் கையில் போனே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கூடச் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது கண்ணு.

அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. ஏழாம் எண்ணை மாற்றிப் பதிவு செய்யுங்கள் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன், ஆகட்டும். படிக்கு முன்னால் நாற்காலி போட்டேன், படம் எடுக்கும்போது அசிங்கமாகத் தெரிகிறது என்று எடுத்துவிட்டார்கள். கயிறு கட்டினேன், அதையும் அவிழ்த்தார்கள். கடைசியில் மேசையை விட்டுவிட்டு நானே படிக்கு முதுகைக் காட்டி நிற்க ஆரம்பித்தேன். பின்னால் வந்து என் மேல் மோதுகிறவர்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள், எனக்கு அழுகை வருகிறது. பெருக்குகிற அம்மா, அக்கா நீங்க என்ன தூணா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆனால் நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கழிப்பறைக்கும் மற்ற புது வசதிகளுக்கும் சேர்த்துத் திறப்பு விழா. எல்லோருக்கும் கருவி இலவசம், நாலு பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு. என்னை வாசலில் மேடையில் உட்கார வைக்கப் போகிறார்களாம், கோட்டையின் குரல் என்று சால்வை போடுவார்களாம். மண்டபத்தில் யார் நிற்பது என்று கேட்டேன். "ஒரு நாள்தானம்மா, ஒண்ணும் ஆகாது, நீங்க ரொம்பப் பயப்படுறீங்க" என்றார் அதிகாரி. அப்பாவிடம் இன்று எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்தைத் தவிர. உனக்கு எதற்கு வம்பு, எழுதிக் கொடுத்தாயிற்று, உன் கடமை முடிந்தது என்கிறார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் கண்ணை மூடினால் ஒரு வரிசைப் பிள்ளைகள் தலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறார்கள்.

அதனால் இதைச் செய்கிறேன். இந்த உறைக்குள் காகிதத்தில் சுற்றி இருப்பது கருவிகளை வைத்துப் பூட்டுகிற இரும்பு அலமாரியின் சாவி, இன்று சாயங்காலம் நான்தான் பூட்டி எடுத்து வந்தேன்; கருவி இல்லாவிட்டால் யாரும் பின்னால் நடக்க மாட்டார்கள். மாற்றுச் சாவி கிடையாது, கேட்டு எழுதிய காகிதம் ஒரு வருடமாக மேலே போய்க்கொண்டே இருக்கிறது. பூட்டை உடைக்கலாம்தான், ஆனால் அதற்கு ஒருவர் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டும், நம் ஆகட்டும் அதிகாரி அந்தக் காரியத்துக்குப் பேனாவைத் தொட மாட்டார். அந்தப் பெண்ணின் முகவரி பதிவேட்டில் இருந்தது, நடந்ததை நடந்தபடி எழுதி அவளுக்கும் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நாளைக் காலை இரண்டையும் பதிவுத் தபாலில் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். சாவியை வீட்டிலேயே ஒளித்து வைக்கலாமே என்று நினைப்பாய். வீட்டில் இருந்தால் அதிகாரி குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலே ஓடிவந்து எடுத்துக் கொடுத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா. சாவி எங்கே என்று கேட்டால் என் மகளிடம் இருக்கிறது என்று உண்மையைத்தான் சொல்லப் போகிறேன், இனிமேல் பொய் சொல்ல இன்னும் பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லு. சின்னதுக்கு என் முத்தம், நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, படிக்குப் பக்கத்தில் கம்பி வைத்த படம் உன் கண்ணுக்கு வந்த பிறகுதான் சாவியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் யார் கேட்டாலும் அனுப்பாதே. முக்கியமாக, நான் போனில் அழுது கேட்டால் அனுப்பாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா